கருணாபுரமும் காருண்ய பாவனையும்



உயிர்கள் அனைத்தினிடத்தும் நட்பு, குணத்தாற் சிறந்தோரைக் கண்டவிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்துக் கருணை, நெறி திறம்பியோரிடத்து நடுநிலை என நான்கு பாவனைகளை நம் ஆசாரியர்கள் வகுத்துரைத்தனர். மைத்ரி, பிரமோதம், காருண்யம், மாத்யஸ்தம் என்று தத்துவார்த்த சூத்திரம் இவற்றைப் பெயரிட்டு வழங்குகிறது. நாள்தோறும் நாம் சிந்திக்க வேண்டிய இந்நான்கனுள் மூன்றாவதாகிய காருண்யத்தையே தன் பெயராகக் கொண்ட ஓர் ஊர் நமக்கு அண்மையிலேயே உள்ளது. அது கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரம். அப்பெயரை 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாடு முழுவதும் துயரத்தோடு உச்சரித்தது.

அவ்வூர் நமக்கு அயலூரன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில்தான் அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை விளங்குகின்றது. பார்சுவநாதரைத் தொழ அம்மலையேறும் குடும்பங்கள் நம்மில் பல. அப்பெருமான் வரலாற்றில் நம் பிள்ளைகளும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. கமடன் தீ வளர்த்துத் தவம் செய்தபோது, எரியும் கட்டையினுள் பாம்புகள் வெந்து துடிப்பதைப் பார்சுவகுமாரர் உணர்ந்தார். சுற்றி நின்றோர் கண்டது விறகை. அவர் கண்டது உயிரை. நஞ்சுடைய உயிராயிற்றே என்று அவர் தயங்கவில்லை. இந்நிகழ்ச்சி நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. கண்ணுக்குப் புலப்படாத கேட்டை அறிவினால் காணுதல் ஒன்று. துன்புறுவோர் யார் என்று பாராமல் இரங்குதல் மற்றொன்று. இவ்விரண்டையும் துணையாகக் கொண்டு கருணாபுரத்தை நோக்குவோம்.

நிகழ்ந்தது என்ன?

2024 ஜூன் 18, 19 ஆகிய நாட்களில் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பாக்கெட்டில் அடைத்து விற்கப்பட்ட கள்ளச்சாராயத்தை வாங்கிக் குடித்தவர்கள் அடுத்தடுத்து வீழ்ந்தனர். வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறல், கண் பார்வை மங்குதல் ஆகிய துன்பங்களோடு கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் கொண்டுவரப்பட்டனர். அங்கிருந்து பலர் சேலத்துக்கும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டனர். 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களுட் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் அன்றாடக் கூலி கொண்டு வாழ்ந்தவர்கள். ஒரே தெருவில் ஒரே நாளில் பல பாடைகள் எழுந்தன. தாய் தந்தை இருவரையும் இழந்து நின்ற பிள்ளைகளும் உளர்.

சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் நச்சுப்பொருள் என்பது ஆய்வில் தெளிவாயிற்று. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாயை அரசு அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதே மாத இறுதியிலேயே மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பெற்றுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. நவம்பர் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. இத்தகைய அழிவு இதுவே முதன்முறையும் அன்று. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது.

இரண்டு சொற்களை விலக்குவோம்

இச்செய்தி வரும்போதெல்லாம் நம் இல்லங்களில் இரண்டு சொற்கள் எழக்கூடும். "நாம் மதுவைத் தொடுவதில்லை, நமக்கென்ன?" என்பது ஒன்று. "அவரவர் வினைப்பயன்" என்பது மற்றொன்று. இரண்டும் ஜினதருமத்தின் சொற்கள் ஆகா.

கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதல் இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களுள் முதற்கண் வைக்கப்பட்டது மெய்யே. மது அறிவை மயக்கும். அதன் ஆக்கத்தில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் மாயும். ஆயினும் விரதம் காப்பது நம்மைத் தூய்மைப்படுத்துதற்கேயன்றிப் பிறரை இகழ்தற்கன்று. நாள் முழுதும் சுமை தூக்கி உடல் நொந்தவன், அந்நோவை மறக்கச் சில ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்கிக் குடித்தான். அவன் குடித்தது குற்றமே என்று கொண்டாலும், அக்குற்றத்துக்கு மரணம் உரிய தண்டனையாகுமோ? அவன் நஞ்சென்று அறிந்து வாங்கினானல்லன்.

வினையைப் பற்றிய பேச்சும் அவ்வாறே. எச்செயலுக்கும் உபாதான காரணம், நிமித்த காரணம் என இரண்டு உண்டென்பது நம் சித்தாந்தம். துன்புறுவோனின் பழவினை உள்ளிருக்கும் காரணமாகலாம். ஆனால் நஞ்சைக் கொணர்ந்தவனும், கலந்தவனும், விற்றவனும் நிமித்தமாக நின்று தத்தமக்குப் புதிய தீவினையைக் கட்டிக்கொள்கின்றனர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையானும் வினை கட்டும். இவற்றுள் மூன்றாவது நமக்கும் எச்சரிக்கை. தெருமுனையில் நடக்கும் தீய விற்பனையைக் கண்டும் காணாதிருத்தல் உடன்பாட்டுக்கு மிக அணித்தாய் நிற்கின்றது. "வினைப்பயன்" என்று சொல்லி வாளாவிருப்பவன் வினைக் கொள்கையை விளங்கிக்கொண்டவனல்லன். அதனைத் தன் சோம்பலுக்குப் போர்வையாக்கிக்கொண்டவன்.

நஞ்சு தொழிற்படும் முறை

மெத்தனால் தொழிற்சாலைப் பொருள். வண்ணம், வார்னிஷ், பிசின் முதலியன ஆக்க உதவுவது. நீர் போல் தெளிந்தது. சாராயத்திலுள்ள எத்தனாலுக்கு நெருங்கிய உறவினது. சுவையாலும் மணத்தாலும் குடிப்பவன் இரண்டையும் பிரித்தறிய இயலாது. தூய மெத்தனால் 10 மில்லியளவே கண்ணைக் கெடுக்கவல்லது. ஏறத்தாழ 30 மில்லி உயிரைப் பறிக்கக்கூடும்.

இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரலிலுள்ள நொதிகள் அதனை முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அவ்வமிலமே கண் நரம்பைச் சிதைக்கின்றது. குருதியைப் புளிக்கச் செய்கின்றது. குடித்தவன் முதலில் சிறு மயக்கமே உணர்வான், உறங்கியும் எழுவான். பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் கழிந்த பின்னரே கேடு வெளிப்படும். எத்தனாலும் உடன் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். முதல் நாள் குடித்தவன் நலமாயிருப்பதைக் கண்டு அடுத்தவனும் குடிக்கின்றான். ஓரிரவில் ஓர் ஊரே வீழ்தற்கு இவ்விடைவெளியும் ஒரு காரணம்.

கரும சித்தாந்தம் பயின்றோர்க்கு இது புதிதன்று. வினை கட்டுதற்கும் அது பயன் தருதற்கும் இடையே அபாதா காலம் என்னும் அமைதிக் காலம் உண்டு. அக்காலத்தில் வினை இல்லாதது போலத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்னும் எண்ணமே அப்போது பெரும் பகை. ஆகவே, ஐயத்துக்குரியதை ஒருவர் அருந்திவிட்டார் எனத் தெரிந்தால், துன்பம் தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. நலமாயிருப்பினும் உடனே மருத்துவமனை சேர்ப்பிக்க வேண்டும். உண்மையை மறையாது மருத்துவரிடம் கூற வேண்டும். ஃபோமெபிசோல் போன்ற மாற்று மருந்தும், குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிஸும் உண்டு. காலத்தே சேர்ந்தால் உயிரும் கண்ணும் பிழைக்க வழியுண்டு. வீட்டு வைத்தியமும், நாணத்தால் மறைத்தலும் உயிருக்கே உலை வைக்கும்.

கேட்டை அளக்கும் நான்கு கோல்கள்

மெத்தனால் கள்ளச்சாராயத்தில் மட்டும் உள்ளதா? பழச்சாறுகளிலும் இயற்கையாகவே அது மிகச் சிறு அளவில் உண்டு. அதனை உடல் எளிதில் வெளியேற்றிவிடுகின்றது. அங்ஙனமாயின் அதே பொருள் ஓரிடத்தில் நஞ்சாகவும் ஓரிடத்தில் கேடற்றதாகவும் இருப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண அநேகாந்தம் நமக்குக் கைவிளக்காகும். எப்பொருளையும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கினைச் சார்த்தியே கூற வேண்டும் என்பது நம் முறை. உணவிலும் நீரிலும் காற்றிலும் கலந்த வேதிப்பொருள்களின் கேட்டை அறிஞர்கள் மதிப்பிடும் முறையும் இதற்கு மிக ஒத்திருப்பதைக் காண்கின்றோம்.

திரவியம் என்பது பொருளின் இயல்பு: எது, எவ்வளவு வீரியமுடையது? க்ஷேத்திரம் என்பது அது நம்மை அடையும் இடமும் வழியும்: வாய் வழியா, மூச்சு வழியா, தோல் வழியா? காலம் என்பது ஒருமுறையா, ஆண்டுக்கணக்கில் நாள்தோறுமா? பாவம் என்பது நிலை: எத்துணை அளவு சேர்ந்தது, அதை ஏற்பவர் குழந்தையா, கருவுற்ற தாயா, நோயுற்றவரா? குழந்தை தன் எடைக்கு ஏற்பப் பெரியவரினும் மிகுதியாக உண்கின்றது, பருகுகின்றது. ஆதலால் அதே அளவு அதற்கு மிகையாகின்றது.

உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு நாள்தோறும் எவ்வளவு ஏற்கலாம் என வரையறை செய்வோர், விலங்குகளில் கேடு விளையாத அளவைக் கண்டு, அதனைப் பெரும்பாலும் நூறால் வகுக்கின்றனர். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு பத்து. மனிதர்க்குள் உள்ள வேறுபாட்டுக்கு மற்றொரு பத்து. இவ்வெண்களுக்குப் பின்னால் வாயில்லா உயிர்களின் வேதனை மறைந்துள்ளது என்பதை அகிம்சை நெறியினர் மறத்தலாகாது. பாதி விலங்குகள் மடியும்வரை நஞ்சூட்டும் பழைய சோதனை முறை ஒன்றை ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டு அமைப்பு 2002இல் தன் நெறிமுறைகளிலிருந்து நீக்கியது. உயிர்க்கொலை குறைந்த வழிகள் வளர்ந்து வருவது நமக்கு ஆறுதல்.

எனவே, "வேதிப்பொருள் என்றாலே நஞ்சு" என அஞ்சி நடுங்குதலும் ஏகாந்தம். "சிறிதளவுதானே, ஒன்றும் செய்யாது" என அலட்சியம் செய்தலும் ஏகாந்தம். நான்கையும் சேர்த்து நோக்குதலே அறிவு.

நம் அடுக்களையும் நம் வயலும்

மதுவை விலக்கிய இல்லத்திலும் நஞ்சு நுழைய வாயில்கள் உண்டு. மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட்டும், பருப்பில் மெட்டானில் மஞ்சளும் கலக்கப்படுவதுண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளும் நம் பாட்டிமார் வழக்கம் இன்றும் நல்ல காப்பு. மாம்பழத்தைக் கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு இருக்கக்கூடும். திருவிழாக்களில் குழந்தைகள் விரும்பும் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது.

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் குலவழக்கம். நுண்ணுயிர்க்குத் தீங்கு நேராமைக்கும் நம் நலத்துக்கும் ஒருங்கே துணை செய்வது அது. ஆனால் நீரில் கரைந்த உப்புகளைத் துணி தடுக்காது. காய்ச்சினாலும் அவை நீங்கா, நீர் வற்ற வற்றச் செறிவே மிகும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பழுதுற்றோர் பலர். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடே ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிடத்து 1.5 வரை. உரம் மிகுந்த வயல்களை அடுத்த கிணறுகளில் நைட்ரேட்டும் ஏறும்; 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைக்கு ஆகாது. ஆகவே, வடிகட்டும் விரதத்தோடு, ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைச் சாலையில் ஆய்வித்தலையும் சேர்த்துக்கொள்வது அவ்விரதத்தின் கருத்தை நிறைவு செய்வதாகும்.

நம்மவருள் பலர் உழவர். பூச்சிக்கொல்லி தெளித்தல் உயிர்க்கொலையைச் சார்ந்தது என்பதால் அதை இயன்றவரை குறைத்தலே நம் அறம். வேம்பும் பயிர்ச் சுழற்சியும் அதற்குத் துணை. தவிர்க்க இயலாதவிடத்து, புட்டியின் மீதுள்ள முக்கோண நிறத்தையேனும் நோக்குக. சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. தெளித்த பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். சந்தைக்குக் காய் அனுப்பும் அவசரத்தில் அந்நாட்களைக் குறைத்தல், முகமறியாத ஒரு குழந்தையின் தட்டில் நஞ்சிடுவதற்கு நிகர்.

2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அம்மருந்து இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாகத் தெரியவந்தது. கொல்லும் எண்ணம் அங்கு யாரிடமும் இருந்ததென்று சொல்ல வேண்டுவதில்லை. கலத்தை ஆராயாமை ஒன்றே போதுமாயிற்று. ஒழிந்த மருந்துக் கலங்களை நம் வீட்டில் எண்ணெய்க்கோ நீருக்கோ ஒருபோதும் எடுத்தலாகாது.

வணிகமும் விரதமும்

கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து மீறல்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகின்றது. அவற்றுள் ஒன்று பிரதிரூபக வியவகாரம், அதாவது ஒன்றைப் போல மற்றொன்றைக் காட்டி விற்றல். கலப்படத்தைப் பொய்யின்பாற் படுத்தாமல் களவின்பாற் படுத்திய நுட்பத்தை எண்ணி எண்ணி வியக்க வேண்டும். கலப்படம் செய்வோன் வாங்குவோனின் காசை மட்டும் களவாடவில்லை. அவன் கண்ணொளியை, அவன் மனைவியின் துணையை, அவன் பிள்ளைகளின் படிப்பைக் களவாடுகின்றான். கருணாபுரத்தில் நிகழ்ந்தது அதுவே.

இல்லறத்தாரின் குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதமும் ஒன்று. அதன் ஐவகையுள் இம்சாதானம் என்பது நஞ்சு, படைக்கலம், தீ போன்ற கொல்கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தல். பிரமாதசரியை என்பது பயனின்றி நிலத்தையும் நீரையும் தீயையும் பயிரையும் கவனமின்றிக் கெடுத்தல். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு இவ்வொழுக்கங்களையே உரைக்கின்றது. இரசாயன வாணிகம் செய்யும் அன்பர்கள் வாங்குவோன் யார், எதற்கு வாங்குகின்றான் என ஆராய்ந்து, கணக்கெழுதி, உரிமம் கண்டு கொடுத்தால் அதுவே இந்த விரதத்தின் காப்பு. தொழிற்சாலைக்கென வந்த பொருள் ஒரு சிறிய கை மாறலில் சாராயப் பானைக்குள் போய்ச் சேர்கின்றது என்பதைக் கருணாபுரம் காட்டிவிட்டது.

பிரமாதமே கொலைக்கு வாயில்

இம்சை எது என வரையறுக்கும்போது, கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்குக் கேடு விளைத்தல் என்றே நம் சூத்திரம் கூறுகின்றது. பகையை மட்டுமன்று, பிரமாதத்தையும் அது இம்சையின் வேராகக் கொண்டது. இதே கருத்தை நாட்டின் சட்டமும் பின்னர் வந்தடைந்தது. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு உறுதியாக நிறுவப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பால் இந்நாட்டுச் சட்டநெறியாயின. நிலம் நோக்கி அடி பெயர்க்கும் நம் முனிவர்களின் ஈரியா சமிதி போதிப்பதும் அம்முன்னெச்சரிக்கையையே. எறும்பு இருப்பது உறுதியானால்தான் விலகுவேன் என்று எம்முனிவரும் நடப்பதில்லை.

நாம் மேற்கொள்ளத்தக்கன

வரும் தசலட்சணப் பருவத்தில் உபவாசமும் பாராயணமும் நிகழ்த்துவதோடு சிலவற்றைச் சிந்தித்து மேற்கொள்வோமாக. நம் வயலில் கூலிக்கு வருவோரோடு அமர்ந்து, இகழாமல், மெத்தனாலின் மறைந்திருந்து கொல்லும் இயல்பை எடுத்துரைப்போம். அவர்களுக்குக் கூலியைக் காலத்தே கொடுப்போம். குடிநீரும் நிழலும் ஓய்வும் தருவோம். கள்ளச்சாராயம் விற்பதைக் கண்டால் ஊரார் சேர்ந்து அதிகாரிகளுக்குத் தெரிவிப்போம். ஜினாலயக் கிணற்று நீரையும் அன்னதானக் கூடத்து எண்ணெயையும் ஆண்டுக்கொரு முறையேனும் ஆய்விப்போம். சாத்திர தானம் நம் பெருமை. பெற்றோரை இழந்த பிள்ளை ஒன்றின் படிப்பை, எந்தச் சாதி, எந்தச் சமயம் என வினவாது, நம் ஊர்ச் சங்கம் ஏற்குமாயின் அதுவும் அத்தானமேயாகும்.

மைத்ரி சொல்வது எளிது, பிரமோதம் இனிது, மாத்யஸ்தம் அறிஞர்க்கு ஆகும். காருண்யம் ஒன்றே கையும் காலும் கொண்டு நடக்க வேண்டிய பாவனை. அது நம் ஆலயத்து விளக்கொளியில் தொடங்கி, கோமுகி ஆற்றங்கரையில் தந்தையின்றி நிற்கும் ஒரு பிள்ளையின் வாசல்வரை செல்லட்டும்.

எவ்வுயிரும் இன்புறுக! ஜினதருமம் ஓங்குக!